வில்லை எண் நாற்பத்தேழு

அறிவிப்பில் ஆறு விதிகள்.
ஆறையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.
குளிரில் விரல் விறைத்து
ஐந்தாம் விதியில் நாய்க்குக் கால் விட்டுப்போய்
'நய்' என்று நின்றது.
செயல் அலுவலர் வட்டம் போட்டுத் திருப்பினார்.

பொருள்: கொலக்கம்பை நாலாம் லைனில்
சிலிண்டர் போடும் ஆரோக்கியத்தைக்
கெண்டைக்காலில் கடித்தது தொடர்பாக.
கடித்தது ஒன்று.
விதி, வாலுள்ள எல்லாவற்றுக்கும்.

வில்லை வாங்க வேண்டும், நூறு ரூபாய்.
ஊசி போட்ட சீட்டு வேண்டும்.
இரவு ஏழுக்கு மேல் கட்டிவைக்க வேண்டும்.
மீறினால் அபராதம்; அதைக் கட்ட
உரிமையாளர் என்று ஒரு பெயர் வேண்டும்.

பித்தளை வில்லைகள் பையில் குலுங்க
தேயிலைக்கு நடுவே படியேறினேன்.

முதல் வீட்டில் அது மணி.
மூன்றாம் வீட்டில் சீசர்.
சந்தனமேரி வீட்டில் வெறும் 'ஏய்'.
குஞ்ஞாமு டீக்கடையில் கட்டன்,
பால் படாத நிறம் என்பதால்.
எல்லாப் பெயருக்கும் வாலாட்டியது.

யாருடைய நாய் என்றேன்.
பதினாலு வாசலிலும் ஒரே பதில்:
"நம்ம நாயா? இல்லீங்களே."
சோறு போடுவது?
"மிச்சத்தைப் போடுறோம்.
மிச்சத்துக்கும் ரசீது உண்டா?"

வெள்ளையம்மா என்னைக்
கொல்லைப்புறம் கூட்டிப்போனாள்.
முளைக்குச்சியில் சங்கிலி.
சங்கிலி முடிவில் கழுத்துப்பட்டை,
போட்ட பூட்டு போட்டபடி.
உள்ளே கழுத்து இல்லை.

"போன தையில கட்டித்தான் வச்சிருந்தோம்.
அவுத்து விட்டிருந்தா கட்டிலடிக்கு ஓடியிருக்கும்.
ஏழு மணிக்கு மேல கட்டச் சொன்னது
உங்க ஆபீசா,
சிறுத்தையா?"

செயல் அலுவலருக்கு மேட்டுப்பாளையம்.
நாலரை பஸ்ஸில் இறங்கிவிடுவார்.
இந்த ஊரின் ஏழு மணியை
அவர் பார்த்ததில்லை.

உரிமையாளர் கட்டத்தில்
'நாலாம் லைன்' என்று எழுதிக் கொடுத்தேன்.
சிவப்பு மையில் திரும்பி வந்தது:
ஆள் பெயர் தேவை.

மறுபடி ஏறினேன்.
அதற்குள் பணம் சேர்த்திருந்தார்கள்,
பிஸ்கட் டப்பாவில் சில்லறையாக.
நூற்றுநாலு ரூபாய்; நாலைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஊசிச் சீட்டும் இருந்தது.
பள்ளிக்கூட முகாமில் ஐந்து பேர் பிடித்தார்களாம்,
ஒரு போர்வை கிழிந்ததாம்.
எல்லாம் இருந்தது.
பெயர் மட்டும் இல்லை.
நாளைக்கு யாரையாவது கடித்தால்
பெயருக்குச் சொந்தக்காரர் ஆயிரம் கட்ட வேண்டும்.
அவரவர் முந்தானையை, துண்டை
அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆரோக்கியம் மேலே வந்தான்,
தோளில் சிலிண்டர், காலில் கட்டு.
பின்னாலேயே அது.

"என் பேரை எழுதுங்க மேடம்."
உங்களைத்தானே கடித்தது?
"என்னைத்தான்.
இனிமே கடிச்சா
எனக்கு நானே அபராதம் கட்டிக்கிறேன்."
சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு
கொஞ்சம் தணிந்து சொன்னான்:
"அன்னிக்கு வாலை மிதிச்சது நான்.
புகார்ல அதை யாரும் கேக்கலை."

முகவரி: மஞ்சூர்.
பஸ்ஸில் ஒரு மணி நேரம்.
நாயின் பெயர்: நாலையும் ஒரே கட்டத்தில்
நெருக்கி எழுதினேன். 'ஏய்' உட்பட.
நிறம்: கறுப்பு. மார்பில் கைக்குட்டை அளவு வெள்ளை.
கழுத்தில் நாற்பத்தேழைக் கோத்தபோது
என் மணிக்கட்டை ஒருமுறை நக்கியது.

கடைசிக் கட்டம் பாக்கி.
இரவில் கட்டப்படுகிறதா? ஆம் / இல்லை.

பஸ் நிறுத்தத்தில் ஆறு ஐம்பது.
எதிரே கடை தெரியாத அளவுக்குப் பனி.
மேலே படிக்கட்டில் எங்கோ
பித்தளை குலுங்குகிறது.
நிற்கிறது.
நானும் மூச்சை நிறுத்திக் கேட்கிறேன்.
மறுபடி குலுங்குகிறது, இன்னும் கொஞ்சம் மேலே,
வெள்ளையம்மா வீட்டுப் பக்கம்.

குளிருக்குப் பேனாவில் மை இறங்கவில்லை.
இரண்டு முறை உதறி
'ஆம்' என்று எழுதினேன்.